‘குரூஸிங்’ பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வில்லியம் ஃப்ரீட்கின் எழுதி இயக்கி, அல் பசினோ நடித்து, 1980 பிப்ரவரியில் வெளியான ‘குரூஸிங்’ படத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: நல்ல ஹெட்போன் ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியை நம்பி இந்தப் படத்தைப் பார்க்க உட்காராதீர்கள்.

நான் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவாளன். நடிகர்கள் படப்பிடிப்பில் பேசியதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மறுபடி பேசுவார்கள். உதட்டோடு குரல் ஒட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நம் படங்களில் இது பல தலைமுறை வழக்கம். அந்தக் கால அமெரிக்கப் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளத்தில் பதிவான குரலே திரையரங்குக்குப் போனது. அதனால்தான் ‘குரூஸிங்’ படத்தின் தெருக்காட்சிகளைக் கேட்டபோது என் காது நிமிர்ந்தது. பசினோ நியூயார்க் நடைபாதையில் நின்று பேசுகிறார். குரலோ அறைக்குள் பேசிய குரல். சுற்றிலும் நகரத்தின் இரைச்சல் இருக்கிறது, ஆனால் குரலின் மேல் அந்த இரைச்சலின் ஈரம் படியவில்லை.

காரணம் ஒலிப்பதிவுக் குழுவின் அலட்சியம் இல்லை. 1979 கோடையில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் படப்பிடிப்பு நடந்தபோது, தங்களைப் போன்றவர்களைக் கொல்லும் ஒருவனின் கதை இது என்று கேள்விப்பட்டு, அங்கே வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர்கள் அதை நிறுத்த முயன்றார்கள். விசில் ஊதினார்கள், ஏர்ஹார்ன் அடித்தார்கள், பக்கத்து வீடுகளில் பாட்டை உச்சத்தில் வைத்தார்கள். மாடிகளில் நின்று கண்ணாடியால் வெளிச்சத்தைக் காட்சிக்குள் பாய்ச்சினார்கள். தளத்தில் பதிவான வசனத்தில் பெரும்பகுதி பயனற்றுப் போயிற்று. மறுபடி பேசி ஒட்ட வேண்டியதாயிற்று. அந்தப் போராட்டக்காரர்கள் திரையில் ஒரு நொடிகூடத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் இந்தப் படத்தின் ஒலியில் இருக்கிறார்கள். குரல் தனியாக மிதக்கும் ஒவ்வோர் இடத்திலும், அந்தத் தெருவில் நின்று “எங்களை இப்படிக் காட்டாதே” என்று கத்தியவர்களின் தடம் இருக்கிறது. படத்தையும் அதற்கு எழுந்த எதிர்ப்பையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் சொல்லவருவது.

நானும் தன்பாலீர்ப்பாளன். இந்தப் படத்தைத் தூக்கி எறியச் சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு, தலையில் வைத்துக் கொண்டாடும் நண்பர்களும் உண்டு. இரு தரப்பாரும் படத்தைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பார்ப்பதற்கு முன்

கதைச் சுருக்கத்தைப் படிக்காதீர்கள். படம் பிறந்த ஆண்டைப் படியுங்கள். அரை மணி நேரம் போதும், ஆனால் அதைத் தவிர்க்காதீர்கள்.

அதே வில்லேஜின் கிறிஸ்டோபர் தெருவில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதிக்குள் போலீஸ் நுழைந்ததும், அங்கே இருந்தவர்கள் எதிர்த்து நின்றதும் 1969 ஜூன் இறுதியில். அதற்குப் பத்தாண்டு கழித்து இந்தப் படப்பிடிப்பு. இடைப்பட்ட காலத்தில் நிறைய மாறியிருந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. கிறிஸ்டோபர் தெருவில் ஆண்கள் கைகோத்து நடந்தார்கள். மாறாதவையும் இருந்தன. வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவைக் குற்றமாக்கிய நியூயார்க் மாநிலச் சட்டம், படப்பிடிப்பின்போது ஏட்டில் இருந்தது. மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது 1980 டிசம்பரில், படம் வெளியாகிப் பத்து மாதம் கழித்து. 1977-இல் ஃப்ளோரிடாவில் அனிதா பிரையன்ட் என்ற பாடகி, “எங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்” என்று ஓர் இயக்கம் நடத்தி, தன்பாலீர்ப்பாளர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை வாக்கெடுப்பில் ரத்துசெய்ய வைத்தார். இவர்கள் பிள்ளைகளைத் தங்கள் கூட்டத்துக்கு இழுத்துவிடுவார்கள் என்பதுதான் அவருடைய வாதம். 1978 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்ற நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்; 1979 மே மாதம் கொலையாளிக்குக் குறைந்த தண்டனைக்கான தீர்ப்பு வந்தது, அன்றிரவே ஊர் கொதித்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், ஃப்ரீட்கினின் கேமரா வில்லேஜுக்குள் நுழைகிறது. தன்பாலீர்ப்பாளர்களைக் கத்தியால் குத்திக் கொல்லும் ஒருவனைப் பற்றிய படம் என்று கேள்விப்பட்டவர்களின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து ஒரு பெயரை நினைவில் வையுங்கள்: ஆர்தர் பெல். ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழின் பத்தி எழுத்தாளர், தன்பாலீர்ப்பாளர். படப்பிடிப்பை எந்த வழியிலாவது குலைக்கும்படி வாசகர்களை அழைத்தவர் இவர்தான். ஆனால் இந்தப் படத்தின் விதைகளில் ஒன்றும் அவருடைய எழுத்தே. தன்பாலீர்ப்பாளர்கள் கொல்லப்படுவதையும், போலீஸ் அதைக் கண்டுகொள்ளாததையும் அவர் தொடர்ந்து எழுதிவந்தார். 1977-இல் ‘வெரைட்டி’ இதழின் செய்தியாளர் ஆடிசன் வெரில் கொல்லப்பட்டபோதும் எழுதினார். அந்தக் கட்டுரையைப் படித்த கொலையாளியே அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினான். பிடிபட்டபோது தெரிந்தது, அவன் பெயர் பால் பேட்சன், மருத்துவமனையில் எக்ஸ்ரே பணியாளனாக இருந்தவன். ஃப்ரீட்கினின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில், சிறுமிக்கு மருத்துவமனையில் பரிசோதனை நடக்கும் காட்சியில் வருகிறவன். ஃப்ரீட்கின் அவனைச் சிறையில் போய்ப் பார்த்தார். ஹட்சன் ஆற்றில் பைகளில் மிதந்த உடல் துண்டுகளோடும் அவனைச் சம்பந்தப்படுத்திப் பேசினார்கள். அதற்காக அவன்மேல் வழக்கு ஏதும் பதிவாகவில்லை. வெரில் கொலைக்கு மட்டுமே தண்டனை பெற்றான்.

கதையின் எலும்புக்கூடு ஜெரால்ட் வாக்கர் 1970-இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. சதை ராண்டி ஜர்கன்சன் என்ற நியூயார்க் போலீஸ்காரரிடமிருந்து வந்தது. இவர் தன்பாலீர்ப்பாளராக வேடமிட்டு அந்த வட்டாரத்தில் உளவு பார்த்தவர். போலீஸ் என்று சொல்லி அவர்களை மிரட்டியவர்களைப் பிடிக்க அனுப்பப்பட்டவர். படத்தின் ஆலோசகரும் அவரே, சிறு வேடத்தில் தலைகாட்டுபவரும் அவரே. ஆக, படத்துக்குள் அந்த உலகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு போலீஸ்காரரின் கண். பார்க்கும்போது இதை மறக்காதீர்கள். நிறையக் கேள்விகளுக்கு விடை அதில் இருக்கிறது.

தோலாடை அணிந்த ஆண்களின் விடுதிகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் சைக்கிள் குழுக்களிலிருந்து வளர்ந்த வட்டாரம் இது. தன்பாலீர்ப்பாளர்கள் என்றால் நளினமானவர்கள் என்ற கேலிக்கு, முரட்டு ஆண்மையைத் தங்களுக்கென எடுத்து உடுத்திப் பதில் சொன்னவர்கள். அந்த வட்டாரத்துக்குக் கறாரான ஒழுங்குகள் இருந்தன. மேன்ஹாட்டனின் இறைச்சிச் சந்தைப் பகுதியில், வாஷிங்டன் தெருவில் இருந்த ‘மைன்ஷாஃப்ட்’ விடுதிக்குள் கோட்டு, டை அணிந்து போக முடியாது. வாசனைத் திரவியம் பூசியிருந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கால்சட்டையின் பின்பையில் எந்த நிறக் கைக்குட்டை, வலப்பக்கமா இடப்பக்கமா என்பதில் யாருக்கு என்ன வேண்டும் என்ற செய்தி இருந்தது. வாய் திறந்து கேட்பதற்கு முன்பே விருப்பத்தை வெளிப்படையாக அறிவித்துவிடும் ஏற்பாடு அது. ஃப்ரீட்கின் அதன் புறத்தோற்றத்தை அபாரமாகப் பிடித்திருக்கிறார். அதற்குள் இருந்த நட்பும் நம்பிக்கையும் அவர் கேமராவுக்கு எட்டவில்லை.

எந்தப் பிரதி, யாரோடு

2019-இல் ‘ஆரோ’ நிறுவனம் வெளியிட்ட புளூரே கிடைத்தால் அதையே பாருங்கள். 4கே-யில் ஸ்கேன் செய்து, ஃப்ரீட்கின் மேற்பார்த்த பிரதி. பழைய வீடியோ கேசட்டுகளிலிருந்து எடுத்த பிரதிகள் இணையத்தில் சுற்றுகின்றன. விடுதிக் காட்சிகளில் கருப்புக்குள் கருப்பு கலந்து ஒன்றும் தெரியாது, ஒலியும் நசுங்கியிருக்கும். நான் சொல்லப்போகும் எதையும் அவற்றில் கேட்க முடியாது.

1980-இல் திரையரங்கில் ஓடிய பிரதியின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது: இந்தப் படம் தன்பாலீர்ப்பாளர் உலகத்தைக் குற்றம் சாட்டுவது அல்ல, அதன் ஒரு சிறு பகுதியில் மட்டும் நடப்பது என்று. பிற்காலப் பிரதியில் அதை எடுத்துவிட்டார்கள். எந்தப் பிரதியைப் பார்த்தாலும், அப்படி ஓர் அறிவிப்பு போட வேண்டிய நிலை வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வீட்டில், வயதுவந்தவர்கள் மட்டும் பாருங்கள். கத்திக் குத்துக் கொலைகள் மிக நெருக்கத்தில் வருகின்றன. போலீஸ் விசாரணையில் அடி வருகிறது. உடலுறவின் சாயல் விடுதிக் காட்சிகள் முழுக்க இருக்கிறது. நண்பர்களைக் கூட்டி உட்காரவைப்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டில் இன்னும் சொல்லாமல் இருக்கிற ஒரு பையன் முதல்முறையாகத் தன்னைப் போன்றவர்களைத் திரையில் பார்க்கப்போவது இந்தப் படத்தில்தான் என்றால், தயவுசெய்து வேறு படத்தைக் காட்டுங்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. தன்பாலீர்ப்பாளர்கள் அன்பாகவும் சலிப்பாகவும் சாதாரணமாகவும் வாழும் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கே இந்தப் படம்.

பார்க்கும்போது

இங்கிருந்து கதையின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேச முடியும். துப்பறியும் சுவாரசியத்தைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் “கொலையாளி யார்” என்று துரத்திக்கொண்டு பார்த்தால் இந்தப் படம் உங்களை ஏமாற்றிவிடும். அப்படித் துரத்த முடியாதபடிதான் அது எடுக்கப்பட்டிருக்கிறது.

தொடக்கத்தில் ஹட்சன் ஆற்றில் ஓர் இழுவைப் படகு; தண்ணீரில் ஒரு கை மிதக்கிறது. உடனே ரோந்துக் காரில் வரும் இரண்டு போலீஸ்காரர்களைக் கவனியுங்கள். அவர்களில் ஒருவன் ஜோ ஸ்பினெல் நடித்த டிசிமோன். பெண் உடையில் இருக்கும் இருவரைக் காரில் ஏற்றி, மிரட்டித் தங்கள் இச்சைக்குப் பயன்படுத்துகிறார்கள். பின்னால், அவர்களில் ஒருவர் இதைக் காவல்துறை அதிகாரி எடல்சனிடம் சொல்கிறார். அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. பால் சோர்வினோ நடித்த இந்த எடல்சன்தான் கதையில் நியாயத்தின் முகமாக வருபவர். அதே டிசிமோனைத் தோலாடை விடுதியின் இருட்டில் மறுபடி பார்ப்பீர்கள். படத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே ஃப்ரீட்கின் போலீஸைக் கூண்டில் ஏற்றிவிட்டார். எதிர்ப்பாளர்கள் கையில் இருந்தது திரைக்கதை மட்டுமே. இந்தக் காட்சியின் அருவருப்பு எழுத்தில் முழுதாகத் தெரிந்திருக்காது.

பசினோவின் பாத்திரம் ஸ்டீவ் பர்ன்ஸ், சாதாரணக் கான்ஸ்டபிள். கொல்லப்பட்டவர்களின் சாயல் அவனுக்கு இருப்பதால், பதவி உயர்வு ஆசை காட்டித் தூண்டில் புழுவாக அனுப்புகிறார்கள். ஜான் ஃபோர்ப்ஸ் என்ற பெயரில் வில்லேஜில் வீடு எடுக்கிறான். கைக்குட்டை விற்கும் கடையில் நிறங்களின் பொருளை அவனுக்கு விளக்குகிற ஊழியர் பவர்ஸ் பூத். எந்த அலட்டலும் இல்லாமல், வாடிக்கையாளருக்குச் சரக்கை விளக்கும் தொனியில் பேசுகிறார். அந்த உலகம் தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது படத்தில் தெரிகிற அரிய இடம் அது. தவறவிடாதீர்கள்.

விடுதிக் காட்சிகளை முதல்முறை முழுதாகப் பாருங்கள். பிறகு பின்னோக்கிச் சென்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தோல் கிறீச்சிடுகிறது. சாவிக்கொத்து குலுங்குகிறது. சங்கிலி உரசுகிறது. பூட்ஸ் தரையைத் தட்டுகிறது. இத்தனை இரைச்சலான இடத்தில் இவை கேட்கவே கூடாது, கேட்கும்படி எடுத்துவைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் எஃபெக்ட்ஸ் என்று சொல்லும் இந்தச் சின்னச் சின்ன ஓசைகளை யார் காதுக்காக இவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பர்ன்ஸின் காதுக்காக. பயமும் ஈர்ப்பும் சேர்ந்த ஒருவனுக்குத்தான் அறை முழுக்கத் தோலின் ஓசை மட்டும் கேட்கும். பாடல்கள் ஜாக் நிட்ச்சேவின் பொறுப்பு. டிஸ்கோ கோலோச்சிய காலத்தில், ஜெர்ம்ஸ் போன்ற பங்க் ராக் இசைக்குழுக்களையும் வில்லி டிவில் என்ற பாடகரையும் கொண்டுவந்திருக்கிறார். அந்த இசை விடுதிகளுக்குள் ஒரு முரட்டு ஆவேசத்தைத் தருகிறது. அங்கே போனவர்களின் உற்சாகத்தையும் கேளிக்கையையும் அதுவே துடைத்தும்விடுகிறது.

விடுதிக் காட்சிகளில் வரும் முகங்களைப் பாருங்கள். அவர்களில் பலர் துணை நடிகர்கள் அல்லர். அந்த விடுதிகளுக்கு வழக்கமாகப் போனவர்கள். மைன்ஷாஃப்ட் தன் கதவைப் படக்குழுவுக்குத் திறக்கவில்லை, அதனால் வேறொரு விடுதியை அதைப் போல் அலங்கரித்து எடுத்தார்கள். படம் வெளிவந்து ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கழிந்தபின், 1981 ஜூனில், பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிக்கை வெளியானது. 1985-இல் நியூயார்க் நகர நிர்வாகம் மைன்ஷாஃப்டை மூடியது. திரையில் நடனமாடும் அந்த ஆண்களில் எத்தனை பேர் அந்தப் பத்தாண்டைத் தாண்டினார்கள் என்ற நினைப்பில்லாமல் என்னால் இந்தக் காட்சிகளைப் பார்க்க முடிவதில்லை. படத்தை அன்று வெறுத்தவர்களின் வாரிசுகள் இன்று இதை ஒரு ஆவணமாகவும் பார்க்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு உண்டு. அழிந்துபோன அறைகளின் வெளிச்சம், உடைகள், நிற்கும் தோரணைகள் எல்லாம் இந்த அளவுக்குப் பெரிய ஸ்டூடியோப் படம் எதிலும் பதிவாகவில்லை.

போலீஸ் உடை இரவு என்று ஒரு காட்சி வரும். விடுதியில் எல்லோரும் போலீஸ் சீருடையில். உள்ளே இருக்கும் ஒரே உண்மையான போலீஸ்காரன் பர்ன்ஸ். உடை சரியில்லை என்று அவனை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். படத்தின் மிகக் கூர்மையான இடம் என்று நான் கருதுவது இதைத்தான். சீருடை எங்கே அதிகாரம், எங்கே வேடம் என்ற கேள்வியை வசனமே இல்லாமல் கேட்டுவிடுகிறது. அதன் ஜோடிக் காட்சி, சந்தேகத்தில் பிடிபட்ட ஸ்கிப் என்ற இளைஞனின் விசாரணை. ஜட்டியும் கௌபாய் தொப்பியும் மட்டும் அணிந்த ஓர் ஆஜானுபாகு அறைக்குள் வந்து அறைகிறான், போகிறான். கனவுபோலத் தோன்றும், போலீஸ் அப்படிச் செய்ததுண்டு என்று ஜர்கன்சன் சொல்லியிருக்கிறார். நடந்ததை வெளியே போய்ச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதே அந்த உத்தியின் பயன். விடுதியில் வேடமாக இருந்த வன்முறை, காவல் நிலையத்தில் நிஜமாக நடக்கிறது. எதில் யாருடைய சம்மதம் இருக்கிறது என்று பாருங்கள்.

கொலைக் காட்சிகளில் கண்ணைவிடக் காதை நம்புங்கள். கொலையாளி ஒரு குழந்தைப் பாட்டின் தொனியில் “யார் இங்கே? நான் இங்கே, நீ இங்கே” என்பதுபோல முணுமுணுக்கிறான். குரல் எல்லாக் கொலையிலும் ஒன்றே. உடல் ஒன்றல்ல. ஒரு கொலையில் கொலையாளியாக வரும் நடிகர், இன்னொன்றில் கொல்லப்படுபவராக வருகிறார். கண்ணாடி, தொப்பி, தோலாடை இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். முதல் கொலையில், குத்து விழும் நொடியில் உடலுறவுக் காட்சியின் துண்டுகளை ஒரு சில பிரேம்களுக்குச் செருகியிருக்கிறார்கள். இங்கேதான் எதிர்ப்பாளர்கள் பக்கம் என் மனம் சாய்கிறது. கத்தியும் கலவியும் ஒன்று என்று பார்ப்பவரின் அறிவுக்குத் தெரியாமல் நரம்புக்குச் சொல்லும் வேலை அது. இன்னொருவர் படத்தில் இதை நான் உத்தி என்று பாராட்டியிருக்கலாம். தன்பாலீர்ப்பே கொலைவெறி என்று நம்பிய சமூகத்தின் நடுவில் அதைச் செய்தது பொறுப்பின்மை.

முடிவைப் பற்றி

பிடிபடுபவன் ஸ்டூவர்ட் ரிச்சர்ட்ஸ், கொலம்பியா பல்கலைக்கழக மாணவன். அவன் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றன, தந்தை இறந்துவிட்டார். “நீ என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும்” என்பது அந்தத் தந்தை நினைவில் வந்து சொல்லும் வாசகம். கொலையாளியின் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று இங்கே கேளுங்கள். மகனுக்குள் தந்தை பேசுகிறார். வெறுப்பு விடுதியில் பிறக்கவில்லை, வீட்டில் பிறந்து உடல் உடலாகத் தாவுகிறது என்று படம் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். இதுவரை படம் நேர்மையானது. எதிர்ப்பாளர்கள் பயந்ததைவிட மிகவும் ஆழமானது.

ஆனால் அதோடு நிற்கவில்லை. ஸ்டூவர்ட் பிடிபட்ட பிறகு, பர்ன்ஸின் பக்கத்து வீட்டுக்காரன் டெட் குத்திக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். டான் ஸ்கார்டினோ நடித்த டெட், நாடகம் எழுத ஆசைப்படும் மென்மையான இளைஞன். படத்தில் நாம் மனிதனாக அறிந்துகொள்ளும் ஒரே தன்பாலீர்ப்பாளன். கொன்றது அவனோடு சண்டை போடும் துணைவனா, பர்ன்ஸா, வேறு யாராவதா? படம் சொல்லாது. எடல்சன், பர்ன்ஸ் அங்கே குடியிருந்தான் என்று கேட்டதும் முகம் மாறுகிறார். கடைசியில் பர்ன்ஸ் காதலி நான்சியின் வீட்டில் முகச்சவரம் செய்கிறான். கேரன் ஆலன் நடித்த நான்சி அவனுடைய தோல் சட்டையையும் தொப்பியையும் கருப்புக் கண்ணாடியையும் எடுத்து அணிந்து பார்க்கிறாள். அவன் முகம் பார்க்கும் கண்ணாடி வழியாக நம்மைப் பார்க்கிறான். அந்த நிமிடத்தில் ஹெட்போனின் ஒலியைக் கூட்டுங்கள். நான்சியின் பக்கத்திலிருந்து என்ன ஓசை வருகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

பர்ன்ஸ் கொன்றானா என்ற விவாதத்தில் மணிக்கணக்கில் மூழ்குபவர்கள் உண்டு. எனக்கு வேறு கேள்வி முக்கியம். அந்த உலகத்தில் சில மாதம் பழகியதால் ஒரு போலீஸ்காரன் கொலையாளியாகிறான் என்ற வாய்ப்பைக்கூடத் திறந்துவைப்பது, அந்த உலகம் தொற்றுநோய் என்று சொல்வதற்குச் சமம். அனிதா பிரையன்ட் ஊர் ஊராகச் சொன்னதும் அதுதானே. புதிராக விடுவது கலைஞனின் உரிமை. ஆனால் 1980-இல் அந்தப் புதிரின் விலையை ஃப்ரீட்கின் கொடுக்கவில்லை, கிறிஸ்டோபர் தெருவில் நடந்தவர்கள் கொடுக்க நேரும் என்று ஆர்தர் பெல் அஞ்சினார். 1980 நவம்பரில் வெஸ்ட் தெருவில் ‘ராம்ராட்’ என்ற தோலாடை விடுதியின் வாசலில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அந்தத் துப்பாக்கிக்கும் இந்தப் படத்துக்கும் முடிச்சுப் போட ஆதாரம் ஏதும் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் அஞ்சியவர்கள் கற்பனையில் அஞ்சவில்லை.

தணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரச்சான்றுக் குழுவிடம் ஐம்பது முறை படத்தைக் கொண்டுபோய், நாற்பது நிமிடத்தை வெட்டியதாக ஃப்ரீட்கின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் விடுதிக் காட்சிகள். ‘ஜெனரல் சினிமா’ என்ற பெரிய திரையரங்கக் குழுமம் படத்தைத் திரையிட மறுத்தது.  அந்த நாற்பது நிமிடத்தில் என்ன இருந்தது என்று ஊகித்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இருக்கிற 102 நிமிடத்தில் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பார்த்த பிறகு

நண்பர்களோடு பார்த்திருந்தால் உடனே “பிடித்ததா” என்று கேட்காதீர்கள். டெட்டைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். என் வீட்டில் நடக்கும் உரையாடல்கள் எப்போதும் அங்கிருந்துதான் சூடு பிடிக்கின்றன. விடுதிக் காட்சிகளை வரி வரியாக நினைவு வைத்திருப்பவர்களுக்கு டெட் என்ன நாடகம் எழுதினான், எதற்குப் பயந்தான் என்பது மங்கலாகவே இருக்கும். அதற்குக் காரணம் பார்த்தவரா, எடுத்தவரா என்று பேசத் தொடங்கினால், எதிர்ப்பாளர்கள் 1979-இல் எழுப்பிய கேள்விக்கு நீங்களாகவே வந்து சேர்வீர்கள். அப்போது தளத்தில் ஊதிய விசில்களைப் பற்றிச் சொல்லி, ஒரு தெருக்காட்சியை மறுபடி போட்டுக் காட்டுங்கள்.

இன்னும் படிக்க விரும்புகிறவர்கள் விமர்சகர் ராபின் வுட்டின் கட்டுரையைத் தேடுங்கள். எழுபதுகளின் ஹாலிவுட் படங்கள் தங்களுக்குள்ளேயே முரண்பட்டு உடைவதைப் பற்றி எழுதியபோது, இந்தப் படத்தை அவர் வீசி எறியவில்லை. அந்த உடைவில் என்ன தெரிகிறது என்று பார்த்தார். அவரும் தன்பாலீர்ப்பாளர். 1981-இல் வந்த வீட்டோ ருஸ்ஸோவின் ‘தி செல்லுலாய்டு குளோசெட்’ நூல் எதிர்ப் பக்கத்திலிருந்து பேசுகிறது. ஹாலிவுட் தன்பாலீர்ப்பாளர்களை எத்தனை பத்தாண்டுகளாகக் கொன்றும் கேலி செய்தும் வந்தது என்ற பட்டியலோடு. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் ருஸ்ஸோவைப் படியுங்கள்.

அடுத்த வாரம், இதே ஃப்ரீட்கின் 1970-இல் எடுத்த ‘தி பாய்ஸ் இன் த பேண்ட்’ படத்தைப் பாருங்கள். மார்ட் கிரௌலியின் நாடகம், மேடையில் நடித்தவர்களே திரையிலும். மேன்ஹாட்டன் வீடு ஒன்றில் பிறந்தநாள் விருந்து, ஒரே இரவு. அந்தப் படத்தையும் அன்றைய இளைஞர்கள் சுயவெறுப்பு என்று திட்டினார்கள். ஆனால் அதில் ஒவ்வொருவருக்கும் பேச நேரம் கிடைக்கிறது. அதை எழுதியவர் அந்த வீட்டுக்குள் வாழ்ந்தவர். ‘குரூஸிங்’ உலகத்தை நமக்குக் காட்டுபவர் போலீஸ் காரில் வந்து இறங்கியவர். அந்த விருந்தின் சச்சரவுகளையும் ஹெட்போனிலேயே கேளுங்கள்.